துண்டுக்குள்ள விலை, வெளியில மாடு

எங்க நெய்க்காரப்பட்டிப் பக்கம் மாடு பிடிக்கிறதுன்னா, துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க. விலைதான் ரகசியம், மாடு வெட்டவெளியில நிக்கும். பல்லைப் பார்த்து வயசு சொல்லலாம், நடக்கவிட்டு நொண்டுதான்னு பார்க்கலாம். தரகர் வாக்கு மாறினா அடுத்த சந்தையில மதிப்பு போயிடும்.

முகமே தெரியாத இணையத்துல? 1995-ல ஈபே ஆரம்பிச்ச பியர் ஒமிடியார் அதுல முதல்ல வித்தது ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைஞ்சதுன்னு சொல்லியேதான் வித்தார். 1996-ல வாங்கினவரும் வித்தவரும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் கருத்து எழுத வழி வந்துச்சு. தரகர் வாக்குக்குப் பதிலா ஊர் வாக்கு!

ஓஎல்எக்ஸ்ல பழைய பைக் விக்கிற மக்களே, கீறலையும் படம் எடுத்துப் போடுங்க. வாங்குறவங்க, பல்லைப் பார்க்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க.