அஞ்சல் வண்டிக்குள் பேட்டரி: நூறாண்டு தாண்டிய இழுபறி

1899 ஜூலை 2 அன்று, அமெரிக்காவின் பஃபலோ நகரில் ட்ரூமன் மார்ட்டின் என்பவர் மின்சாரக் கார் ஒன்றில் தபால் பெட்டிகளைச் சுற்றி வந்தார். மொத்தம் 40 பெட்டிகள். ஒன்றரை மணி நேரத்தில் கடிதங்களை அள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார். குதிரை வண்டிக்கு அதே சுற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடித்து வந்தது. அமெரிக்க அஞ்சல் துறை குதிரையில்லாத வண்டியைப் பரிசோதித்த முதல் நாள் அது. அந்த முதல் வண்டி பெட்ரோலில் அல்ல, பேட்டரியில் ஓடியது.

அதே ஆண்டு டிசம்பரில் கிளீவ்லாண்டில் போட்டியாளர் வந்துவிட்டார். விண்டன் நிறுவனத்தின் பெட்ரோல் வண்டி, பனியிலும் மழையிலும் 126 பெட்டிகளை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டியது. குதிரைக்கு ஆறு மணி நேர வேலை. இந்த இரண்டு சோதனைகளோடு தொடங்கிய போட்டி இன்றுவரை முடியவில்லை.

பேட்டரிக்கு அஞ்சல் வேலையைப் போலப் பொருத்தமான வேலை வேறு இல்லை என்றே சொல்லலாம். தினமும் ஒரே பாதை. மொத்த தூரம் குறைவு, நிறுத்தங்களோ நூற்றுக்கணக்கில். வேகம் தேவையில்லை. மாலையானதும் வண்டி ஒரே கொட்டகைக்குத் திரும்பி, விடியும்வரை சும்மா நிற்கும். சார்ஜ் ஏற்ற ஒரு முழு இரவு கையில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்கோ இதே வேலை நரகம். நின்று நின்று கிளம்புவதில் எண்ணெய் வீணாகும், பிரேக் தேயும், எஞ்சின் சூடேறும்.

இருந்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கச் சுற்றில் பெட்ரோலே வென்றது. டெக்சாஸில் 1901இல் எண்ணெய் பீறிட்டது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1912இல் கெடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டதும், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உசுப்பும் தொல்லையும் தீர்ந்தது. அந்தத் தொல்லை இல்லாததுதான் மின்வண்டிக்கு மிச்சமிருந்த பெரிய சௌகரியம். அதுவரை வண்டிகளை ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்து வந்த அஞ்சல் துறை, 1914இல் வாஷிங்டனில் சொந்த மோட்டார் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. விரிந்துகொண்டே போன அந்தப் பட்டாளம் பெட்ரோல் பட்டாளமாகவே வளர்ந்தது.

பேட்டரியின் நினைவு மறுபடி வந்தது 1970களில், எண்ணெய் நெருக்கடி சூழ்ந்த காலத்தில்தான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் ஏற்றுமதியை நிறுத்த, அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அந்தக் காலத்தில் அஞ்சல் துறை உதவி தேடிப் போன இடம் சுவாரசியமானது: இங்கிலாந்தின் பால்காரர்கள். பல ஆண்டுகளாக அங்கே வீடு வீடாகப் பால் போட்டு வந்தவை ஓசையில்லாத மின்வண்டிகள். அவற்றைச் செய்து வந்த ஹார்பில்ட் நிறுவனத்திடம் சுமார் 30 வண்டிகளை வாங்கி, கலிஃபோர்னியாவின் குப்பர்டினோவில் ஓட விட்டார்கள். பால் புட்டி இருந்த இடத்தில் தபால் கட்டு. மற்றபடி வேலை ஒன்றே. மிதமான தட்பவெப்பமும் சமதளமும் கைகொடுக்க, முடிவு நம்பிக்கை தந்தது.

அடுத்து ஏஎம் ஜெனரல் நிறுவனத்திடம் சுமார் 350 மின் ஜீப்புகள் வாங்கப்பட்டன. ஈய-அமில பேட்டரி. பாரம் அதிகம், தெம்பு குறைவு. குளிர் ஏறினால் அதிலும் பாதி போய்விடும். 1980களின் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. அதற்குள் எண்ணெய்ப் பதற்றமும் தணியத் தொடங்கியிருந்தது.

1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அஞ்சல் துறை க்ரம்மன் நிறுவனத்தோடு 99,150 பெட்ரோல் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். போர் விமானம் செய்து பெயர் வாங்கிய நிறுவனம் அது; துருப்பிடிக்காத அலுமினிய உடலோடு வண்டியைச் செய்து கொடுத்தது. அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த வண்டியில் மட்டும் நம்மூர் கார் போல வலப்பக்கம். இறங்காமலேயே கையை நீட்டிச் சாலையோரப் பெட்டியில் கடிதத்தைப் போட வேண்டுமே! எல்எல்வி என்று அழைக்கப்பட்ட இந்த வண்டி 1994 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் உற்பத்தியாகி, அமெரிக்கத் தெருக்களின் அடையாளமாகவே ஆனது.

24 ஆண்டு ஓடினால் போதும் என்று கணக்கிட்டுச் செய்த வண்டியை 30 ஆண்டு தாண்டியும் ஓட்டினார்கள். ஏ.சி. கிடையாது; கோடையில் அலுமினியப் பெட்டிக்குள் தபால்காரருக்குத் துணை ஒரு சிறு விசிறி. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தேறினால் பெரிது. வயதான காலத்தில், தீப்பிடித்து எரிந்த வண்டிகள் நூற்றுக்கணக்கில்.

இடையில் 2001இல் ஃபோர்டிடம் 500 மின்வண்டிகள் வாங்கப்பட்டன. பிடித்திருந்தால் 6,000 வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் எந்த மின் ரேஞ்சர் வண்டியின் அடித்தளத்தில் அவை அமைந்தனவோ, அதன் உற்பத்தியையே ஃபோர்டு 2002இல் நிறுத்திவிட்டது. தாய் வண்டியே போன பிறகு உதிரி பாகத்துக்கு எங்கே போவது? 500 அப்படியே நின்றுபோனது.

எல்எல்விக்கு மாற்று தேடும் வேலை 2015இல் முறையாகத் தொடங்கியது. மாதிரி வண்டி செய்யத் தேர்வான ஆறு நிறுவனங்களில் நம் மஹிந்திராவும் ஒன்று. பின்னர் அது விலகிக்கொண்டது. முழு மின்வண்டியோடு கடைசிவரை களத்தில் நின்றது வொர்க்ஹார்ஸ் நிறுவனம். 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போனதோ, ராணுவ வண்டிகளுக்குப் பெயர்போன ஆஷ்கோஷ் நிறுவனத்துக்கு. பத்தாண்டுகளில் 50,000 முதல் 1,65,000 வண்டிகள் வரை.

அதற்குச் சில வாரம் முன்புதான் அதிபர் பைடன், அரசு வண்டிகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்திருந்தார். அரசின் கையிலிருந்த சுமார் ஆறரை லட்சம் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அஞ்சல் வண்டிகள். அஞ்சல் தலைவர் லூயிஸ் டிஜாயோ, புதிய வண்டிகளில் பத்து சதவீதம்தான் மின்சாரம் என்றார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. 1971 முதல் அஞ்சல் சேவை தன் வருமானத்தில் தானே பிழைக்க வேண்டிய அமைப்பு. கடிதங்கள் குறைந்துகொண்டே வர, மின்வண்டிக்கான கூடுதல் விலையை யார் கொடுப்பது என்று கேட்டார்.

ஆஷ்கோஷ் வண்டியின் பெட்ரோல் வகைக்கான கணக்கு வெளியே வந்ததும் கூச்சல் கிளம்பியது. ஏ.சி. ஓடினால் கேலனுக்கு 8.6 மைல், அதாவது லிட்டருக்கு 3.7 கிலோமீட்டர். முப்பது வருடம் காத்திருந்து வாங்கும் புது வண்டி, கிழ வண்டியைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. சுமையோடு சேர்ந்த அதிகபட்ச எடை 8,501 பவுண்டு என்று குறிக்கப்பட்டிருந்தது. 8,500ஐத் தாண்டினால் கனரகப் பிரிவு. புகை விதிகள் அங்கே சற்றுத் தளர்வு. அந்த ஒரு பவுண்டு எப்படி வந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் துளைத்தெடுத்தார்கள். 2022 ஏப்ரலில் 16 மாநிலங்கள் அஞ்சல் சேவை மீது வழக்குப் போட்டன.

முடிச்சை அவிழ்த்தது பணம். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் அஞ்சல் சேவைக்கு 300 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் வண்டிக்கு 129 கோடி. சார்ஜ் ஏற்றும் கட்டமைப்புக்கு 171 கோடி. டிசம்பரில் டிஜாய் புதுக் கணக்கு சொன்னார்: 2028க்குள் 1,06,000 புதிய வண்டிகள், அவற்றில் 66,000 மின்சாரம். அவசரத்துக்கு ஃபோர்டின் மின் வேன்கள் 9,250 வாங்குவது என்றும் முடிவானது.

சொன்னபடி வேலை நகரவில்லை. 2024இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் புதிய வண்டிகள் தெருவுக்கு வந்தபோது, வாத்து போன்ற நீண்ட மூக்கைப் பார்த்து ஊர் சிரித்தது. தபால்காரர்களோ முதலில் புகழ்ந்தது பேட்டரியை அல்ல, ஏ.சி.யை. ஆனால் அந்த ஆண்டு இறுதியில் ஆஷ்கோஷ் ஒப்படைத்திருந்த மின்வண்டிகள் நூறைக்கூட எட்டவில்லை என்று செய்தி வெளியானது.

ஆட்சி மாறியதும் 2025இல் அடுத்த இழுப்பு. அஞ்சல் சேவை தன் மின்வண்டிகளையும் சார்ஜ் கருவிகளையும் விற்றுவிட வேண்டும் என்று செனட்டில் ஒரு யோசனை கிளம்பியது. அப்படிச் செய்தால் 150 கோடி டாலர் நஷ்டம் என்று அஞ்சல் சேவை எழுத்து மூலம் பதில் சொன்னது: மாற்று வண்டிகளுக்கு 100 கோடி, வீணாகும் கட்டமைப்புக்கு 50 கோடி. கட்டமைப்பின் பெரும்பகுதி வண்டி நிறுத்துமிடங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, பழைய சார்ஜ் கருவிக்கு வாங்க ஆளும் இல்லை என்றும் விளக்கியது. குப்பர்டினோ சோதனைக்கும் ஃபோர்டின் 500க்கும் இல்லாத பிடிமானம் இது. அவற்றை ஓரங்கட்டினால் கதை முடிந்தது. இந்தத் தடவை கேபிள் தரைக்குள் இறங்கிவிட்டது. நடைமுறை விதியைக் காட்டிச் செனட்டின் விதி அதிகாரி அந்த விற்பனை யோசனையைத் தடுத்தார். தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் ஆலையில் பெட்ரோல் வகையும் பேட்டரி வகையும் ஒரே கூரையின் கீழ் தயாராகின்றன.