இடுப்புக் கயிறு: தேவாலா லைன் வீட்டிலிருந்து ஸ்காட்லாந்து மலை வரை

இந்த எபிசோடை தேவாலாவில் இருந்து பதிவு பண்றேன். பின்னாடி கேட்கிறது மைக் கோளாறு இல்லை, தகரக் கூரை மேல விழுற மழை. தென்மேற்குப் பருவமழையில தமிழ்நாட்டுலயே ரொம்ப நனையுற ஊர்கள்ல இதுவும் ஒண்ணு.

இன்னைக்குக் காலையில ஒரு லைன் வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போற ஒரு அம்மா கிளம்பிட்டிருந்தாங்க. சேலைக்கு மேல ஒரு தார்ப்பாய்த் துண்டை இடுப்பைச் சுத்திப் பிடிச்சாங்க. அது மேல ஒரு கயிறு. பாயோட மேல்விளிம்பைக் கயித்துக்கு மேல மடக்கி விட்டு, முன்பக்கம் ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. அவ்வளவுதான். நின்னபடியே, என்கிட்ட பேசிக்கிட்டே கட்டி முடிச்சுட்டாங்க.

இது எதுக்குன்னா, தேயிலைச் செடி இடுப்பு உயரம். கவாத்து பண்ணின குச்சி சேலையைக் கிழிக்கும். இலையில நிக்கிற தண்ணி தொடை வரைக்கும் நனைச்சிடும். தார்ப்பாய் வர்றதுக்கு முன்னாடி சாக்குதான். இலங்கை மலையகத்துல அதை 'ரெட்டு'ன்னும் 'படங்கு'ன்னும் சொல்வாங்க. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதா முடிவாச்சு. அப்படி வந்தவங்கள்ல பல குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்கள்ல குடியேறினாங்க. அந்த வார்த்தைகளும் அவங்களோட கப்பல் ஏறி வந்துச்சு.

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கில்ட். ஆமா, ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுற கட்டம் போட்ட உடை. சம்பந்தமே இல்லையேன்னு தோணும். ஆனா இந்தப் பக்கம் 'கிளென்ராக்', ஊட்டிப் பக்கம் 'கிளென்மார்கன்'னு எஸ்டேட் பேர் கேட்டிருப்பீங்க. 'கிளென்'னா ஸ்காட்லாந்து கேலிக் மொழியில பள்ளத்தாக்கு. இலங்கையில 1867ல லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான்.

இன்னைக்கு நாம பார்க்கிற கில்ட்டுல மடிப்பெல்லாம் தையல்காரர் தைச்சு வச்சது. அது 18ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த வழக்கம். அதுக்கு முன்னாடி இருந்தது 'ஃபேலே மோர்', பெரிய சுற்றுடை. அப்போ தறியோட அகலம் குறைவு. அதனால எட்டு, ஒன்பது கெஜத் துணியை ரெண்டா வெட்டி, நீளவாக்குல சேர்த்துத் தைப்பாங்க. ஒன்பது கெஜம்னா நம்ம மடிசார் அளவு! கீழ்ப்பாதி இடுப்புல கொசுவம், மேல்பாதி தோள்ல போர்வை. ராத்திரி பிரிச்சா படுக்கை.

சரி, அவ்வளவு கம்பளித் துணியை ஒரு ஆள் தனியா எப்படி இடுப்புல நிறுத்துவார்? ரொம்ப நாளா சொல்லப்படுற பதில் இது: தரையில பெல்ட்டை வச்சு, அது மேல துணியை விரிச்சு, ஒவ்வொரு மடிப்பா கையால வச்சு, அது மேல படுத்து, பெல்ட்டை மாட்டிட்டு எழுந்திருக்கணும். கேட்க அழகா இருக்கு. ஆனா நடுவுல அடுப்பு எரியுற சின்னக் குடிசையில, வெளியே சேறா இருக்குற ஊர்ல, தினமும் காலையில இது நடக்குமா?

ரெண்டாவது பதில் ஒரு கயிறு. துணியோட உள்பக்கம், இடுப்பு வர்ற இடத்துல, இடைவெளி விட்டு சின்னச் சின்னத் துணி வளையங்களைத் தைக்கணும். அதுக்குள்ள ஒரு கயிறு. இழுத்தா கொசுவம் தானா விழும். முடிச்சுப் போட்டு, அது மேல பெல்ட். நம்ம பாட்டியோட சுருக்குப் பை வேலை செய்யுற அதே விதம். பாவாடை நாடா உருவிப் போய், ஊக்குல மாட்டித் திரும்பக் கோத்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து உடையில இப்படி வளையங்கள் இருந்ததுக்குச் சான்று இருக்கு. அதுக்கு முன்னாடி எவ்வளவு பரவலா இருந்துச்சுங்கிறதுலதான் விவாதம்.

ஏன் விவாதம்? ஏன்னா கயிறு உள்பக்கம் இருக்கு. 1680கள்ல ஜான் மைக்கேல் ரைட் வரைஞ்ச முங்கோ முர்ரே பிரபுவோட ஓவியத்துல துணி தெரியுது, மடிப்பு தெரியுது. உள்ள என்ன பிடிச்சிருக்குன்னு எந்த ஓவியமும் காட்டாது.

இன்னொரு காரணமும் இருக்கு, அது கொடுமையானது. ஜேக்கபைட் கிளர்ச்சி தோத்ததும், 1746ல பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மலைநாட்டு ஆண்கள் இந்த உடையை உடுத்தத் தடை போட்டுச்சு. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் சிறை, மறுபடி மாட்டினா ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்துல சேர்ந்தவங்களுக்கு மட்டும் விலக்கு. 1782ல தடை நீங்கினப்போ ஒரு தலைமுறை தாண்டிருச்சு. பெரிய சுற்றுடை அன்றாட உடையா திரும்பி வரவே இல்லை. அப்பா கட்டுறதைப் பார்த்துக் கத்துக்க வேண்டிய பையன் பார்க்கவே இல்லை. எழுதி வைக்கவும் யாருக்கும் தோணல. தினமும் செய்யுற வேலையை யார் எழுதி வைப்பாங்க?

தேயிலைத் தோட்ட போட்டோக்கள் கணக்கில்லாம இருக்கு. பச்சை மலை, கூடை, சிரிக்கிற பெண்கள். இடுப்புக் கயித்தை எப்படிக் கட்டினாங்கன்னு எந்த போட்டோவுக்குக் கீழயாவது எழுதியிருக்கா? நான் பார்த்ததில்லை.

ஆனா இதை ஒரு பாரம்பரியப் பெருமையா ஆக்கிடவும் கூடாது. அந்த அம்மாகிட்ட முடிச்சைப் பத்திக் கேட்டேன். "எங்கம்மா கட்டினதைப் பார்த்துக் கட்டுறேன் தம்பி. அவங்களுக்குச் சாக்கு. நனைஞ்சா கனம் தாங்காது. நமக்கு வேற என்ன கொடுத்தாங்க கட்டிக்க?" அப்படின்னு சொல்லிட்டு, கூடையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. முடிச்சோட அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் பதிவு செய்யணும்னு நினைக்கிறேன்.

உங்க வீட்டுல பின்கொசுவம் கட்டின பாட்டியோ, தோட்டத்துல வேலை பார்த்த அம்மாவோ, அத்தையோ இருந்தா, கட்டிக் காட்டச் சொல்லுங்க. போன்ல வீடியோ எடுங்க. கை எங்க போகுதுன்னு கவனிங்க. அது ஏன், யாருக்காகக் கட்டினாங்கன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மழை இன்னும் விடலை.