எட்டாம் எண் வாழ்த்து
கல்வராயன் மலைக்குக் கிழக்கே, அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவின் தாலுகாவாக விளங்கிய கள்ளக்குறிச்சியில், விவாக முகூர்த்தத்துக்கு நேரில் வர இயலாத பந்துக்களின் ஆசி தந்தியாக வந்தபோது, அது ஆங்கில வாக்கியமாகவே வந்தது. தபால் தந்தி இலாகா வாழ்த்து வாசகங்களை முன்னரே வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் அளித்திருந்தது. எட்டு என்று குறித்தால் போதும், கம்பி வழியே அவ்வெண் மாத்திரம் பிரயாணம் செய்து, சேருமிடத்தில் 'பெஸ்ட் விஷஸ் ஃபார் எ லாங் அண்ட் ஹாப்பி மேரீட் லைஃப்' என்று விரியும். தீர்க்கமான இல்லற இன்பத்தை வேண்டும் ஒரே பிரார்த்தனை ஓர் இலக்கத்தில் அடங்கிய அந்தச் சிக்கனத்தை நான் அற்புதமென்றே கருதுகிறேன். அப்பாஷை அறியாத பாட்டிமாரும், அருகிலிருப்பவர் தமிழில் எடுத்துச் சொல்லக் கேட்டு மனம் குளிர்ந்திருப்பார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அந்த எட்டை அனுப்பத் தந்தி இல்லை.