மறைந்துபோன படமாளிகைகள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் கோயிலையும் கோட்டையையும் நாடுவர். கல்வெட்டும் செப்பேடும் அவர்க்குத் துணை நிற்கும். ஆயின், சென்ற நூற்றாண்டில் நம் மக்கள் நாள்தோறும் திரண்டு கூடிய இடம் திரைப்படக் கொட்டகையாகும். அதற்குக் கல்வெட்டு இல்லை, தலபுராணமும் இல்லை. இடித்துவிட்டால் இருந்த இடமே தெரியாமற் போகிறது.

வடார்க்காட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் தொழில் நாடி வந்து பங்காருபாளையத்தில் வாழும் நமக்கு இந்த வரலாறு தனிச் சிறப்புடையது. 1911ஆம் ஆண்டில் வடார்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. மண்ணுக்கு இவ்வாறு எல்லை வகுத்தனர். திரைப்படத்துக்கோ நெடுங்காலம் ஒரே தலைநகராக விளங்கியது சென்னை. அந்நகரின் பழைய படமாளிகைகள் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து தேடிய பொதுச் சொத்து என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

தென்னாட்டில் படக்காட்சி முதலில் ஊர் ஊராக நடந்து வந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் அடித்துக் காட்சிகள் நடத்தினார். 1914இல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். அதற்கு முந்திய ஆண்டில், சென்னை மவுண்ட் ரோட்டில், வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். சில ஆண்டுகளே நடந்த அவ்வரங்கின் கட்டடம் அஞ்சல் துறையின் கைக்கு வந்ததால் இடிபடாமல் தப்பியது. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைகளின் கூடமாக அதனை இன்றும் காணலாம்.

இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதற் படமாளிகை என்னும் பெருமை 1914இல் எழுந்த கெயிட்டிக்கு உரியது. அதனைக் கட்டியவர் மசூலிப்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் நிழற்படக் கலைஞராக வாழ்ந்த ரகுபதி வெங்கையா ஆவார். அவர் 1910இல் ஒலியும் ஒளியும் இணைந்த குரோனோமெகாபோன் என்னும் கருவியை வரவழைத்து, இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று படம் காட்டியவர். பின்னர் கிரவுன், குளோப் ஆகிய அரங்குகளையும் அமைத்தார். குளோப் பின்னாளில் ராக்ஸி எனப் பெயர் பெற்றது. இன்று அம்மூன்றும் இல்லை. தெலுங்கு மக்கள் அவரைத் தம் திரையுலகின் தந்தை எனப் போற்றுகின்றனர். தமிழரும் முதலில் அவர் கட்டிய கூரையின் கீழேதான் அமர்ந்து படம் பார்த்தனர் என்பதை மறத்தல் நன்றன்று.

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. முதல் தமிழ்ப் பேசும்படம் என நாம் கொண்டாடும் அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதைத் தலைவர் தெலுங்கில் மறுமொழி கூறினார். இன்று இது நகைப்பைத் தரலாம். காலையில் கடைவீதியில் தெலுங்கும் மாலையில் வீட்டில் தமிழும் பேசும் நமக்கோ அது நாள்தோறும் நிகழும் உரையாடலே அன்றோ! நம் மாவட்டத் தலைநகரின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக் கொண்ட சித்தூர் வி. நாகையாவும் இவ்வுறவுக்குச் சான்றாவார். ‘அசோக்குமார்’ (1941), ‘மீரா’ (1945) ஆகிய தமிழ்ப் படங்களில் நடித்த அவரே, 1946இல் தெலுங்கில் ‘தியாகய்யா’வை இயக்கி நடித்தார்.

நகரில் மாளிகைகள் எழுந்த காலத்தில் சிற்றூர்களுக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. கீற்றுக் கூரையும் மணல் தரையும் அதன் செல்வம். தரை, பெஞ்சு, நாற்காலி என வகுப்புகள் மூன்று. எந்திரம் ஒன்றே ஆதலால் சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை உண்டு. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்ததும், வயல் வேலை முடித்தோர் விரைந்து வருவர். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்த சிறுவனுக்கு அதுவே அரியணை!

விடுதலைக்குப் பின் சென்னையில் படமாளிகைகள் பொலிவு பெற்றன. 1961இல் குளிர்சாதன வசதியுடன் சாந்தி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆனந்தும், 1964இல் மூன்று அரங்குகளை ஒரே வளாகத்தில் கொண்ட சபையரும் எழுந்தன. அவற்றுள் ஒன்றான புளூ டயமண்டில் படம் இடையறாது ஓடும். எப்போது வேண்டுமாயினும் உள்ளே நுழையலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் அதனால் பயன்பெற்றனர்.

காரில் அமர்ந்தபடியே படம் காணும் திறந்தவெளி அரங்கு 1933இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தோன்றியது. சென்னையின் புறநகராகிய ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிரார்த்தனா அவ்வழக்கத்தைக் கொணர்ந்தது. நம்மவர் அதையும் தமக்கேற்றவாறு மாற்றிக் கொண்டனர், காரை விட்டு இறங்கிப் பாய் விரித்தனர், கட்டுச்சோற்றைப் பிரித்தனர். பழைய டூரிங் டாக்கீஸே கடற்கரைக்கு வந்ததுபோல் ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தோடு அதுவும் முடிவுற்றது.

இவை மறைந்தமைக்குக் காரணங்கள் பல. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பின்னர்க் கேபிள் இணைப்பு வீடுதோறும் நுழைந்தது. நிலத்தின் விலை ஏறவே, ஆயிரம் பேர் அமரும் ஓர் அரங்கைவிட அங்காடியும் அடுக்குமாடியும் மிகுந்த ஊதியம் தந்தன. படச்சுருள் போய் டிஜிட்டல் முறை வந்தபோது, புதுக் கருவிக்குப் பொருளில்லாத சிறு கொட்டகைகள் தாமே மூடிக்கொண்டன. சபையர் 1990களில் இடிக்கப்பட்டது. சாந்தி 2016இலும், அசோக் நகரின் உதயம் 2024இலும் காட்சியை நிறுத்தின.

கட்டடங்களை மீட்க நம்மால் இயலாது. நினைவைக் காத்தல் இயலும். ஆகவே சங்க அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். பங்காருபாளையம், சித்தூர், பலமநேர், திருப்பதி ஆகிய ஊர்களில் தாம் கண்ட கொட்டகைகளின் பெயரையும் இடத்தையும் அங்குப் பணிசெய்தோரின் பெயரையும் எழுதித் தருக. பழைய நுழைவுச்சீட்டு, துண்டு விளம்பரம், பாட்டுப் புத்தகம் எதுவாயினும் எறிந்துவிடாமல் கொணர்க. தெலுங்கு நண்பர்களையும் கேட்டு எழுதுக. பாதிக் கதை அவர்களிடம் உள்ளது. படம் ஓட்டிய கைகள் தளர்ந்து வருகின்றன. நாளை கேட்போம் என்றிருந்தால், சொல்வதற்கு ஆள் இரார். வரும் ஆண்டு மலரில் அக்குறிப்புகள் இடம்பெறுமாயின், இரு மொழி மக்களும் ஒரு திரையை நோக்கி அருகருகே அமர்ந்திருந்த காலத்துக்கு அதுவே கல்வெட்டாகும்.