நவம்பர் 1: ஒரு தேதியும் தென் திருவிதாங்கூரின் எல்லையும்

ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றைத் தொகுத்தால் இரண்டு வகைச் செய்திகள் கலந்து வரும். பிறப்பும் இறப்பும் அந்த நாளில் தற்செயலாக அமைந்தவை. சட்டமும் ஒப்பந்தமும் அரசாணையும் அந்த நாளைக் குறித்து வைத்து வந்தவை. இந்திய வரலாற்றில் இந்த இரண்டாம் வகைக்கு நவம்பர் 1 பெரிதும் இடம் கொடுத்திருக்கிறது. மாநில எல்லைகள் அன்றைக்கே மாறின, ஆட்சிகள் கைமாறின, பெயர்களும் மாறின. அவற்றுள் தமிழரையும் மலையாளிகளையும் ஒருசேரத் தொட்டது 1956இல் நடந்தது.

இந்தத் தேதியின் அரசியல் வரலாறு 1858இல் தொடங்குகிறது எனலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து இந்தியா நேரடியாக முடியாட்சியின் கீழ் வந்ததை அறிவிக்கும் விக்டோரியா அரசியின் பிரகடனம் அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் கானிங் பிரபுவால் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அதே தேதியில் இன்னொரு ஐரோப்பிய ஆட்சியான பிரெஞ்சு ஆட்சி விடைபெற்றது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். மூன்றே நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1954ஆம் ஆண்டிலேயே தெற்கே எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில், தமிழர் மிகுந்த ஒன்பது வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கக் கோரியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்பன அவை. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அரசு. சோஷலிஸ்ட் அரசே மக்களைச் சுட்டதைப் பொறுக்காத அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, அது பதவி விலக வேண்டும் என்றார். எல்லைக் கோரிக்கை ஒன்று அகில இந்தியக் கட்சியொன்றையே உலுக்கியது.

பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் பணிக்கரும் இடம்பெற்ற மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. இறுதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னைக்குக் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்குள்ள தமிழரில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பது மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தலைமுறைகளாக ஒரு மலையைத் திருத்தித் தேயிலை வளர்த்தவர்களை வந்துபோகிறவர்களாகக் கணக்கிட்ட அந்த வாதம் தமிழர் மனத்தில் ஆறாத வடுவாயிற்று.

மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்ட் 31 அன்று நிறைவேறியது. அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்துடன் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 1, வியாழக்கிழமை. அன்று முன்னாள் மன்னர்கள் வகித்த ராஜபிரமுகர் பதவி ஒழிந்தது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் மறைந்தது. அதன் எஞ்சிய பகுதியுடன் மலபாரும் காசர்கோடும் சேர்ந்து கேரளம் ஐந்து மாவட்டங்களுடன் பிறந்தது. தெற்கே பிரிந்த நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆந்திரப் பிரதேசமும் விரிந்த மைசூரும் புதிய மத்தியப் பிரதேசமும் அதே நாளில் உருவாயின.

இந்த மாற்றத்தைப் பொன்முடியில் இருந்து பார்த்தால் எல்லையின் இயல்பு தெளிவாகும். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. அது நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்தது. கோரப்பட்ட ஒன்பது வட்டங்களில் நெடுமங்காடு இல்லை. வட்டத்தின் கிழக்கெல்லையான மலைமுகடு திருவிதாங்கூர் காலத்திலேயே சென்னை மாகாணத்துக்கு எல்லை. 1956இலும் அது அசையவில்லை. புதுக்கோடு விழுந்தது தெற்கே, நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில். அங்கே மலை தடுத்து நிற்கவில்லை. தென்னந்தோப்பும் கடைத்தெருவும் இரு மொழியும் பேசும் குடும்பங்களுமே இருந்தன.

கோடு பிரிக்க முடியாதவையும் இருந்தன. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாற்றின் பாசனத் திட்டம் இரு வட்டங்களையும் சேர்த்து எண்ணித் தொடங்கப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாயால் விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் பாசனம் பெற வேண்டும். 2004இல் கேரளம் நீரை நிறுத்தியதிலிருந்து அது இரு மாநில வழக்காகிவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் கதை இதற்கு நேர்மாறு. திருவிதாங்கூரின் பழைய தலைநகரில் இருந்த அந்த மாளிகை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. அரசரின் உடைவாள் கைமாற்றித் தரப்பட்ட பிறகே ஊர்வலம் கிளம்பும். களியக்காவிளையில் கேரளத் தரப்பு வரவேற்று அழைத்துச் செல்கிறது. எல்லை வகுத்தவர்கள் இந்த வழக்கத்தைக் குலைக்காமல் விட்டது நல்ல காரியம்.

இதே தேதியின் தற்செயல்களில் தமிழர் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. எம். கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று சென்னையில் காலமானார். மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நாயகன், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947இல் விடுதலையாகி வந்தபின் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாய மறைந்ததும் இதே தேதியில், 1950இல். பிறப்புகளில் விந்தையான பொருத்தம் 1973இல் நேர்ந்தது: மைசூர் மாநிலம் கர்நாடகம் என்ற பெயரைப் பெற்ற அதே நாளில், அம்மாநிலத்தின் மங்களூரில் நடிகை ஐஸ்வர்யா ராய் பிறந்தார். கிரிக்கெட் வீரர் வி. வி. எஸ். லட்சுமண் அடுத்த ஆண்டு அதே தேதியில் ஹைதராபாத்தில் பிறந்தார்.

பின்வந்த அரசுகளும் இந்தத் தேதியை விடவில்லை. 1966இல் ஹரியாணாவும் 2000இல் சத்தீஸ்கரும் நவம்பர் 1 அன்றே தனி மாநிலங்களாயின. ஆனால் நாளைக் கொண்டாடும் விதம் நிலையாக இல்லை. 2014இல் தெலங்கானா பிரிந்த பின் ஆந்திரத்தின் கவனம் சில ஆண்டுகள் ஜூன் 2க்குப் போய், 2019இல் மறுபடி நவம்பர் 1க்குத் திரும்பியது. கேரளத்திலோ 'கேரளப் பிறவி' ஆண்டுதோறும் நடக்கிறது.

தமிழ்நாட்டு அரசு இந்த நாளைத் 'தமிழ்நாடு நாள்' என்று 2019இல் அறிவித்தது. 2021இல் அந்தப் பெயர், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் 1967இல் நிறைவேறிய ஜூலை 18க்கு மாற்றப்பட்டது. நவம்பர் 1, எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டோரை நினைக்கும் நாளாக நிற்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அது தாய்த்தமிழகத்துடன் இணைந்த நாள். நாகர்கோவிலில் நேசமணியின் சிலைக்கு அன்று மாலை அணிவிக்கிறார்கள்.