முகமும் பெயரும்

யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் காலமானார். தோட்டத் தொழிலாளர் சிலரைக் கண்ணாடித் தகடுகளிற் படம்பிடித்தவர் அவர். அப்படங்கள் இன்று பிறநாட்டு அரும்பொருட்சாலைகளில் உள்ளன. ஆயின், அவற்றிற் காணப்படுவோரில் பெரும்பாலோரின் பெயர் தெரியவில்லை.

தொழிலாளர் வீட்டுக்கே புகைப்படம் வந்த காலம் பிரிவின் காலமாகவும் அமைந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் முடிவாயிற்று. பசறை முதலிய மலையகத் தோட்டங்களில் உறவுகள் பிரிந்தன. கடல் கடந்தவரை நினைப்பதற்குப் படமே துணையாயிற்று.

அக்கால நெகட்டிவுகள் பெரும்பாலும் அசெற்றேற்றுப் பிலிமில் அமைந்தவை. ஈரமும் வெப்பமும் தாக்கினால் அவை காடி நாற்றம் வீசிச் சுருங்கும். அவற்றை வீட்டிலேயே காத்தல் இன்று இயலும். சீரான வெள்ளொளிப் பலகைமீது நெகட்டிவைத் தட்டையாக வைத்து, அண்மைப்பட வில்லை பூட்டிய கமராவால் நேர்மேலிருந்து படமெடுத்து, கணினியிற் கருமையையும் வெண்மையையும் மாற்றினால் முகம் தெளிந்துவிடும்.

ஆயினும் முகம் மட்டும் வரலாறாகாது. அறிந்த முதியோர் உள்ளபோதே பெயரையும் தோட்டத்தையும் கேட்டெழுதிவிடல் வேண்டும். இல்லையேல், கமரன் அம்மையாரின் படத்தில் நிற்போர் நிலையே இவர்களுக்கும் நேரும்.