லயத்து வீட்டு மாலைப்பொழுதுகள்



2014ஆம் ஆண்டில் நம் தொடக்கப்பள்ளிகளின் நான்காம் ஆண்டில் வரலாறு பாடமாக அறிமுகம் கண்டது. தன்னையும் தன் குடும்பத்தையும் அறிவது அப்பாடத்தின் தொடக்கப் பகுதிகளில் ஒன்று. மாணவர்கள் குடும்ப மரம் வரைந்து, பெயர்களை அழகாக எழுதி விடுகின்றனர். அப்பெயர்களுக்கு உரியவர்கள் எப்படி வாழ்ந்தனர், எதில் மகிழ்ந்தனர் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகி விடுகிறது. "தாத்தா எஸ்டேட்டில் வேலை செஞ்சாரு, டீச்சர்" என்பதோடு செய்தி முடிந்து விடுகிறது.

தோட்டப்புற மக்களின் உழைப்பைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. அவர்களின் இல்லத்து இன்பங்களும் வரலாறுதான் என்பது என் கருத்து. அவற்றைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முருங்கை நட்ட கதை

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்து ஊர் திரும்ப வேண்டும் என்பதே பலரின் எண்ணம். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவிற்குத் தொழிலாளர்களை உதவிப்பணம் கொடுத்து அழைத்துச் செல்வதற்குத் தடை விதித்தது. புதியவர்களின் வரவு குறைந்தது. அதன் பின் தோட்டச் சமுதாயம் பெரும்பாலும் இங்கே பிறந்த பிள்ளைகளாலேயே வளர்ந்தது.

ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்தவர்கள் லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டனர். முருங்கை நட்டவர், அது காய்க்கும்வரை இருக்கப் போகிறார் என்று பொருள். நாடு எது என்ற கேள்விக்கு நம் முன்னோர் தந்த முதல் விடை அந்த மரம் என்றே நான் நினைக்கிறேன்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். ஓர் அறை, ஒரு சிறு சமையற்கட்டு, முன்னால் ஒரு தாழ்வாரம். பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் இந்த வீட்டில் கேட்கும். அத்தனை நெருக்கத்திலும் கொல்லைப்புறத்தில் கத்தரி, மிளகாய், கீரை, வாழை ஆகியவற்றிற்கு இடம் கிடைத்தது. கோழியும் ஆடும் வளர்ந்தன. கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிஞ்சியது. தம் கையால் விளைந்ததை உண்ணும் நிறைவும் இருந்தது.

மரம் வகுத்த நேரம்

தோட்டத்துக் குடும்பத்தின் நாளை வகுத்தது கடிகாரம் அன்று, ரப்பர் மரம். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரப்பட்டையில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் வெளியேறிப் பால் ஓட்டம் குறைந்து விடும். ஆகவே இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குப் போகும். பால் வெட்டி, மங்குகளில் சேர்ந்ததை வாளியில் சேகரித்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்புவதற்குள் நண்பகல் கடந்து விடும்.

இந்த வேலைமுறை ஒரு நன்மையும் செய்தது. மாலைப்பொழுது குடும்பத்திற்குக் கிடைத்தது. துவைப்பது, சமைப்பது, விறகு பொறுக்குவது எல்லாம் பெண்களின் தோள்களில்தான் விழுந்தன. ஆயினும் பொழுது சாயும் வேளையில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தனர்.

மழை பெய்யும் விடியலில் பட்டை நனைந்து பால் வீணாகும்; வெட்ட இயலாது. அன்று அம்மா வீட்டில் இருப்பார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால் வேலை இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. என் பாட்டி பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மழையைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் சிரிப்பும் கவலையும் ஒருங்கே தோன்றும். ஏன் என்று எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பல ஆயாக்கொட்டகைகளிலும் ஒற்றை அறைகளிலும் நடந்தன. அங்கே எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளை, வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் செய்தித்தாளை உரக்கப் படித்தது. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935இல் கோ.சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஆகிய இதழ்கள் இவ்வாறு பல காதுகளைச் சென்றடைந்தன. ஒரு தாள் பல வீடுகளுக்குப் போகும். எழுத்தறியாத பெரியவர்கள் பொருள் கேட்பார்கள். படித்த பிள்ளைக்குப் பெருமை பொங்கும். வாசிப்பு இன்பம் என்று நாம் இன்று பட்டறை நடத்திக் கற்பிப்பது அங்கே இயல்பாக நடந்தது.

பின்னர் வானொலி வந்தது. 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியபோதே அதில் தமிழ் ஒலிபரப்பும் இருந்தது. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவியபின், மின்சாரம் இல்லாத வீடுகளிலும் தமிழ்ப்பாட்டு ஒலித்தது. ஒரு வீட்டில் பாடினால் வரிசை முழுவதும் கேட்கும். சம்பள நாளையொட்டித் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவர். பாய் விரித்து இடம் பிடிப்பது சிறுவர்களின் பொறுப்பு. மறுநாள் முழுவதும் அக்கதையே பேச்சு.

கிழங்கின் நினைவு

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அரிதாயிற்று. மக்கள் மரவள்ளிக் கிழங்கை நட்டு உயிர் பிழைத்தனர். அதே காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை திரும்பாத வீடுகள் பல.

போர் முடிந்தபின் கிழங்கு மறக்கப்படவில்லை. அவித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்து, மாலைத் தேநீருக்குத் துணையாயிற்று. பசிக்கு உண்டதையே பிறகு விருப்பத்தோடு உண்டனர். என் பாட்டி கிழங்கு அவித்த நாள்களில்தான் அந்தக் கதைகளையும் சொன்னார். உணவு முன்னால் இல்லாதிருந்தால் அவர் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

மறைக்கக் கூடாதவை

இவற்றைச் சொல்வதால் லயத்து வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று எவரும் கருதிவிடக் கூடாது. கள்ளுக்கடையில் சம்பளம் கரைந்த வீடுகளில் மாலைப்பொழுது அச்சத்தோடு வந்தது. குறைந்த கூலியும் நோயும் கடனும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வீட்டோடு வாழ்வும் பறிபோகும் நிலை வந்தது. அதனை எதிர்கொள்ளவே துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். வறுமையைப் போற்ற வேண்டியதில்லை. அவ்வறுமைக்குள்ளும் மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட மகிழ்ச்சியைப் போற்றலாம்.

அம்மகிழ்ச்சிக்குத் தேவைப்பட்டது குடும்பத்தார் ஒன்றாக இருந்த ஒரு பொழுது. இன்று நம் வீடுகளில் அறைகள் கூடியுள்ளன. அந்தப் பொழுது சுருங்கி விட்டது.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோர்களே, நாளுக்கு அரைமணி நேரமேனும் கைப்பேசிகளை ஒதுக்கி வைத்து ஒன்றாக அமருங்கள். பிள்ளை ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். ஐந்தடியில் இருக்கும் மாடத்தில் ஒரு தொட்டியில் மிளகாய் நடுங்கள்.

ஆசிரியர்களே, குடும்ப மரத்தோடு நிறுத்தாமல் மாணவர்களிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள்:

1. தாத்தா பாட்டியின் வீட்டு வாசலில் என்ன மரம் இருந்தது?
2. மழை பெய்தால் அன்று வீட்டில் என்ன நடக்கும்?
3. மாலையில் என்ன சாப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள், யார் கதை சொன்னார்கள்?
4. அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன? இன்று அவ்விடத்தில் என்ன இருக்கிறது?

விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். லயத்தில் வாழ்ந்த தலைமுறை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் கேட்டு விடுவது நல்லது.